டெக்சஸில் தனியார் நிலத்தில் மான் வேட்டை: வெளிமாநிலத்தவர் உரிமம் பெறும் முறை

அமெரிக்க மாநிலங்களில் மான் வேட்டையாட விரும்பும் ஒருவர் இரண்டு இசைவுகளைப் பெற்றாக வேண்டும். முதலாவது, மானைக் கொல்வதற்கு மாநில அரசு தரும் உரிமம். இரண்டாவது, அந்த மான் நிற்கும் நிலத்தில் கால் வைப்பதற்கு நில உரிமையாளர் தரும் சம்மதம். புதிதாக வருபவர்களின் குழப்பங்களில் பெரும்பாலானவை, இவற்றுள் ஒன்று கையில் இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று எண்ணிக்கொள்வதிலிருந்தே பிறக்கின்றன. நிலம் நண்பருடையதாக இருக்கும்போது உரிமம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அரசுக்குப் பணம் கட்டி உரிமம் வாங்கிய பிறகு வேலிக்குள் போவதற்கு என்ன தடை என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரு சாராரும் பாதி வழியில் நின்றுவிட்டவர்கள். டெக்சஸ் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அங்கே குடியிராத ஒருவர் இவ்விரு இசைவுகளையும் எவ்வாறு பெறுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டெக்சஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அம்மாநில நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது தனியாருடையது. ஆகவே அங்கே மான் வேட்டை என்றாலே பெரும்பாலும் தனியார் பண்ணை நிலத்தில் நடப்பதுதான். அமெரிக்காவிலேயே வெண்வால் மான்கள் மிகுதியாக வாழும் மாநிலமும் அதுவே. மேற்கிலுள்ள சில மாநிலங்களில் வெளிமாநிலத்தவர் மான் உரிமத்துக்காக விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. டெக்சஸில் தனியார் நிலத்தில் வேட்டையாடுவதற்குக் குலுக்கல் இல்லை. தகுதியுள்ள எவரும் கட்டணம் செலுத்தி உரிமத்தை வாங்கிக்கொள்ளலாம். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது பெரிய வசதி.

சொந்த நிலத்தில் திரியும் மானுக்கு அரசின் உரிமம் எதற்கு என்ற கேள்விக்குச் சட்டமே விடை தருகிறது. டெக்சஸின் பூங்காக்கள் மற்றும் வனவிலங்குச் சட்டத் தொகுப்பு, மாநில எல்லைக்குள் உள்ள காட்டு விலங்குகள் அனைத்தும் மாநில மக்களின் சொத்து என்று கூறுகிறது. வேலி போட்ட பண்ணைக்குள் மான் நுழைந்துவிட்டால் அது பண்ணையாரின் உடைமையாகிவிடுவதில்லை. பண்ணையார் விற்கக்கூடியது தம் நிலத்துக்குள் வரும் வாய்ப்பை மட்டுமே.

இந்தக் கொள்கை கசப்பான அனுபவத்திலிருந்து உருவானது. சந்தைக்கு இறைச்சியும் தோலும் விற்பதற்காகக் கட்டுப்பாடின்றி நடந்த வேட்டையால், 1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கா முழுவதும் எஞ்சிய வெண்வால் மான்கள் ஏறத்தாழ 5 லட்சம் அல்லது அதற்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி. இடையில் நடந்தவற்றுள் முக்கியமானவை இரண்டு. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் நடுவண் குற்றமாக்கியது. துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்பட்ட வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கி, 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரத் தொடங்கியது. அந்தப் பங்கீட்டில் ஒரு மாநிலத்தின் நிலப்பரப்போடு, அங்கே உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே ஒருவர் செலுத்தும் உரிமக் கட்டணம் வெறும் நுழைவுக் கட்டணம் அன்று. மான் இனம் நிலைத்திருப்பதற்கான செலவில் அவருடைய பங்கு அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டு மானைக் கொல்வது குற்றமாக இருக்கும் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு, வேட்டையின் வழியாகவே பாதுகாப்பு என்ற இந்த ஏற்பாடு முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டில் மான் இனம் மீண்டெழுந்த வரலாற்றைப் படிக்கும் எவரும் இந்த ஏற்பாட்டை மதிக்காமல் இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, வெளிமாநிலத்தவர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். உரிமம் வாங்கும் நாளுக்கு முன்பு தொடர்ச்சியாக ஆறு மாதங்களுக்கு மேல் டெக்சஸில் குடியிருந்தவரே பொதுவாக அம்மாநிலத்தவராகக் கருதப்படுகிறார். அமெரிக்கப் படைகளில் பணியில் இருப்பவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் சலுகை உண்டு. மற்ற அனைவரும் வெளிமாநிலத்தவர்களே. டெக்சஸில் ஒருவருக்கு ஆயிரம் ஏக்கர் நிலம் சொந்தமாக இருந்தாலும், அவர் லூசியானாவிலோ கலிபோர்னியாவிலோ குடியிருந்தால், தம் சொந்த நிலத்தில் மான் சுடுவதற்கும் வெளிமாநிலத்தவருக்கான உரிமத்தையே வாங்க வேண்டும். நிலம் சொந்தமாக இருப்பது மட்டும் ஒருவரை அம்மாநிலத்தவராக்கிவிடுவதில்லை. ஒகையோ போன்ற சில மாநிலங்களில், அங்கேயே குடியிருக்கும் நில உரிமையாளர் தம் நிலத்தில் வேட்டையாட உரிமம் வாங்கத் தேவையில்லை என்ற விலக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லா மாநிலங்களிலும் அப்படித்தான் என்று நம்பிவிடுவதுண்டு. டெக்சஸில் அத்தகைய விலக்கு இல்லை.

கட்டண வேறுபாடு பலருக்கும் உறுத்தலாக இருக்கிறது. டெக்சஸ்வாசி ஒருவருக்கு அடிப்படை வேட்டை உரிமம் 25 டாலர். வெளிமாநிலத்தவருக்கான பொது வேட்டை உரிமம் அண்மைய ஆண்டுகளில் 315 டாலராக இருந்துவருகிறது. இது நியாயமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. மொன்டானா மாநிலத்தில் 1976ஆம் ஆண்டில் எல்க் மானை வேட்டையாட உள்ளூர்வாசி 9 டாலர் செலுத்தினால் போதும். வெளிமாநிலத்தவரோ பல விலங்குகளுக்கும் சேர்த்த உரிமத்தை 225 டாலர் கொடுத்து வாங்கியாக வேண்டும். அதை எதிர்த்துத் தொடரப்பட்ட பால்ட்வின் வழக்கில் 1978ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு மொன்டானாவுக்குச் சாதகமாக அமைந்தது. பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவது, மாநிலங்கள் அனைத்துக் குடிமக்களையும் சமமாக நடத்தியாக வேண்டிய அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என்று நீதிமன்றம் கூறியது. ஆண்டு முழுவதும் அந்த விலங்குகளைப் பேணுவதற்கு உள்ளூர்வாசிகள் தங்கள் வரிகள் வழியாகவும் பங்களிக்கிறார்கள் என்பது மாநிலங்களின் வாதம். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் புதியவர் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். வெளிமாநிலத்தவர்களுக்கென டெக்சஸ் பூங்காக்கள் மற்றும் வனவிலங்குத் துறை ஒன்றுக்கு மேற்பட்ட உரிமங்களை விற்கிறது. அவற்றுள் ஐந்து நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் சிறப்பு உரிமம் 48 டாலர்தான்; வார இறுதிக்கு மட்டும் வருபவர் அதையே போதுமானதாக எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த உரிமம் மானுக்குச் செல்லாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்குகள், சில பறவைகள், அணில் போன்றவற்றுக்கே அது பொருந்தும். அதைவிட விலை கூடிய, ஆண்டு முழுவதுக்குமான சிறப்பு உரிமத்தின் நிலையும் இதுவே. வெண்வால் மானையோ, பெரிய காதுகள் கொண்ட மற்றொரு மான் இனமான மியூல் மானையோ வேட்டையாட வேண்டுமானால், ஒரே ஒரு நாள் மட்டும் காட்டுக்குள் செல்வதாக இருந்தாலும், வெளிமாநிலத்தவருக்கான பொது வேட்டை உரிமமே தேவை. 17 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும், அவர்கள் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 7 டாலர் இளையோர் உரிமம் போதும். வில்லுக்கென ஒதுக்கப்பட்ட பருவத்தில் வேட்டையாட விரும்புபவர் 7 டாலர் மதிப்புள்ள வில்வேட்டை ஒப்புதலையும் சேர்த்து வாங்க வேண்டும்.

உரிமத்தைத் துறையின் இணையதளத்திலும், தொலைபேசி வழியாகவும், வேட்டைப் பொருட்கள் விற்கும் பல கடைகளிலும் வாங்கலாம். அடையாள அட்டையோடு சமூகப் பாதுகாப்பு எண்ணும் கேட்கப்படும். புதிய ஆண்டுக்கான விற்பனை ஆகஸ்ட் 15ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. உரிம ஆண்டு செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை நீள்கிறது. ஜூலையில் வாங்கும் உரிமம் சில வாரங்களிலேயே காலாவதியாகிவிடும் என்பதைப் புதியவர் நினைவில் கொள்ள வேண்டும்.

உரிமத்தோடு கல்வித் தகுதி ஒன்றும் இணைந்திருக்கிறது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்வது, விலங்கை வீணாகத் துன்புறுத்தாமல் வீழ்த்துவது, சட்டங்கள், நில உரிமையாளரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவை அதில் கற்பிக்கப்படுகின்றன. 17 வயது நிரம்பியவர்கள் முழுப் பயிற்சியையும் இணையத்திலேயே முடிக்கலாம். பிற மாநிலங்கள் வழங்கிய சான்றிதழையும் டெக்சஸ் ஏற்றுக்கொள்கிறது. பயிற்சிக்கு நேரம் கிடைக்காதவர்கள் 10 டாலர் செலுத்தி ஒரே ஒரு முறை அதைத் தள்ளிவைக்கலாம். ஆனால் அப்போது, தகுதியும் உரிமமும் உள்ள, 17 வயது நிரம்பிய ஒருவர் சாதாரணக் குரலுக்கு எட்டும் தொலைவில் உடனிருக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும், இந்தத் தள்ளிவைப்பை எந்தப் புதியவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். துப்பாக்கியை முதன்முதலாகத் தொடும் ஒருவர் பயிற்சி பெறாமல் காட்டுக்குள் செல்வது அவருக்கும் அருகில் இருப்பவருக்கும் ஆபத்தானது.

அமெரிக்காவில் தற்காலிக விசாவில் பணிபுரியும் அல்லது படிக்கும் தமிழர்கள் இங்கே மற்றொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவண் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவின்படி, எச்1பி போன்ற விசாக்களில் அந்நாட்டில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பவர் அந்தத் தடையிலிருந்து விலக்குப் பெறுகிறார். எனவே இத்தகையவர்களுக்கு வேட்டை உரிமம் மானுக்கான இசைவாக மட்டும் அல்லாமல், துப்பாக்கியைத் தொடுவதற்கான சட்டப் பாதுகாப்பாகவும் அமைகிறது. உரிமம் காலாவதியானால் அந்தப் பாதுகாப்பும் அதனோடு முடிந்துவிடும். அதன் பிறகும் துப்பாக்கியை வைத்திருந்தால் சிறைத் தண்டனையோடு குடியேற்ற நிலைக்கே பாதிப்பு வரலாம். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. வில்லும் அம்பும் இச்சட்டத்தின்கீழ் துப்பாக்கி ஆகா என்பதால், ஐயமுள்ளவர்கள் வில்வேட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். துப்பாக்கிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது.

இதுவரை சொன்னவை அரசு தரும் இசைவைப் பற்றியவை. நில உரிமையாளரின் சம்மதம் இல்லாவிட்டால் அந்த உரிமத்தால் தனியார் நிலத்தில் எந்தப் பயனும் இல்லை. சம்மதமின்றிப் பிறர் நிலத்தில் வெண்வால் மானைக் கொல்வது, டெக்சஸில் அபராதத்தோடு முடிந்துவிடும் சிறு குற்றமன்று. சிறைத் தண்டனைக்குரிய கடுங்குற்றமாகவே அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் நுழையலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1997ஆம் ஆண்டு முதல், மரங்களிலும் கம்பங்களிலும் பூசப்பட்ட ஊதா நிறக் கோடுகள், பலகை வைத்ததற்குச் சமமான எச்சரிக்கையாகச் சட்டப்படி கருதப்படுகின்றன. அவை குறைந்தது 8 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் கொண்ட செங்குத்துக் கோடுகள். தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில் இருக்கும். வெளிமாநிலத்திலிருந்து வருபவர் இந்த அடையாளத்தை அறியாமல் கடந்துபோனால், தெரியாது என்று சொல்வது அவருக்கு உதவாது.

சம்மதம் பல வடிவங்களில் கிடைக்கிறது. உறவினரோ நண்பரோ விலையின்றி அனுமதிக்கலாம். ஒரு பருவம் முழுவதற்கும் நிலத்தின் வேட்டை உரிமையைத் தனியாகவோ குழுவாகவோ குத்தகைக்கு எடுக்கலாம். டெக்சஸில் இதுவே நெடுநாள் வழக்கம், பல பண்ணைக் குடும்பங்களுக்குக் கால்நடை வருமானத்தோடு இதுவும் ஒரு வருமானம். ஓரிரு நாட்களுக்கு மட்டும் நாள் கட்டணம் செலுத்தலாம். வழிகாட்டி, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து விற்கும் பண்ணைகளும் உண்டு. முதன்முதலாக வரும் வெளிமாநிலத்தவருக்குக் கடைசி இரண்டும் ஏற்றவை. நிலத்தையும் மானின் நடமாட்டத்தையும் அறியாத ஒருவர் பருவம் முழுவதற்கும் குத்தகைப் பணம் கட்டுவது வீண். ஆனால் நாள் கட்டணத்திலும் பண்ணைத் தொகுப்பிலும் அரசின் உரிமக் கட்டணம் பொதுவாகச் சேர்ந்திருப்பதில்லை. 315 டாலரைத் தனியாகத்தான் செலுத்த வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும் உரிமையாளரும் அரசிடமிருந்து வேட்டைக் குத்தகை உரிமம் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். அவரிடம் அது இருக்கிறதா என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் உடன்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. எந்தெந்த நாட்கள், எத்தனை பேர், ஆண் மானா கொம்பற்ற மானா, எத்தனை, எந்த வாயில் வழியாக நுழைவது, நிலத்தின் எல்லை எங்கே முடிகிறது ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவற்றுள் எல்லையே தலையாயது. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் தோட்டா செல்லும்படி, அந்நிலத்துக்காரரின் இசைவின்றிச் சுடுவது தனிக் குற்றம். அடிபட்ட மான் வேலியைத் தாண்டி ஓடி அடுத்த நிலத்தில் விழுந்தாலும், அந்நிலத்துக்குரியவரைக் கேட்காமல் அதை எடுக்கச் செல்ல முடியாது. ஆகவே வேட்டைக்கு முந்திய நாளே நில உரிமையாளரோடு எல்லையைச் சுற்றிப் பார்த்து, அக்கம்பக்கத்தாரின் தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை. மக்காச்சோளத்தைத் தூவி மானை வரவழைப்பது டெக்சஸ் தனியார் நிலங்களில் சட்டத்துக்கு உட்பட்டது. வேறு பல மாநிலங்களில் அது தடை செய்யப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வருபவர்கள் வியப்படைவதுண்டு. பளிச்சிடும் ஆரஞ்சு நிற மேலாடை பொது வேட்டை நிலங்களில் மட்டுமே கட்டாயம் என்றாலும், தனியார் நிலத்திலும் அதை அணிந்துகொள்ளும்படியே நான் சொல்வேன்.

எப்போது, எதைச் சுடலாம் என்பது வட்டாரத்தைப் பொறுத்தது. டெக்சஸில் கவுன்டி எனப்படும், மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகள் 254 இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் உரிய வரம்பைத் துறையின் ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுப் பருவம் நவம்பரின் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. வடக்கு மண்டலத்தில் ஜனவரியின் முதல் ஞாயிறு வரையிலும், தெற்கு மண்டலத்தில் மூன்றாம் ஞாயிறு வரையிலும் நீடிக்கிறது. சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு முதல், மறைந்து அரை மணி நேரம் வரை மட்டுமே சுடலாம். பல கவுன்டிகளில் கொம்புக் கட்டுப்பாடு இருக்கிறது: ஒரு கொம்பாவது கிளைக்காமல் இருக்க வேண்டும், அல்லது இரு கொம்புகளுக்கு இடையிலான உள்ளகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். காதுகளை விறைத்து நிற்கும் மானின் இரு காது நுனிகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ இந்த அளவே என்பதால், கொம்பு காதுகளுக்கு வெளியே நீண்டிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். நன்கு வளர்ச்சியடையும் முன்பே இளம் ஆண் மான்கள் சுடப்படுவதைத் தடுப்பதே இவ்விதியின் நோக்கம்.

உரிமத் தாளோடு டேக் எனப்படும் சீட்டுகளும் வருகின்றன. வெண்வால் மானுக்கு ஐந்தும் மியூல் மானுக்கு இரண்டும் இருக்கும். ஐந்து சீட்டுகள் இருப்பதால் எந்தக் கவுன்டியிலும் ஐந்து மான் சுடலாம் என்று பொருளாகாது; கவுன்டியின் வரம்பே இறுதியானது. மான் விழுந்தவுடன், அதை நகர்த்துவதற்கு முன்பே, உரிய சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி எடுத்து, வேட்டையாடிய நிலத்தின் பெயரையும் கவுன்டியையும் மையால் எழுதி, உடலோடு கட்டிவிட வேண்டும். உரிமத்தின் பின்புறமுள்ள வேட்டைப் பதிவையும் நிரப்ப வேண்டும். கேம் வார்டன் எனப்படும் வேட்டைக் காவல் அலுவலர்களுக்குத் தனியார் நிலத்துக்குள்ளும் வந்து சோதிக்கும் அதிகாரம் உண்டு. தேதி வெட்டப்படாத சீட்டு அவர்கள் அடிக்கடி எழுதும் குற்றங்களுள் ஒன்று. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதும் குற்றமே.

சில பண்ணைகள் நிர்வகிக்கப்படும் நிலங்களுக்கான மான் திட்டத்தில் சேர்ந்திருக்கும். அங்கே துறையே நில உரிமையாளருக்குத் தனிச் சீட்டுகளை வழங்குகிறது. பருவமும் பிப்ரவரி இறுதி வரை நீள்கிறது. அத்தகைய நிலத்தில் வேட்டையாடுபவர் பண்ணையின் சீட்டையே கட்டுவார். ஆயினும் அவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்தாக வேண்டும். ஜனவரி இறுதியிலும் மான் வேட்டை உண்டு என்று ஒரு பண்ணை விளம்பரம் செய்தால், அது இத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெளிமாநிலத்தவருக்கு எஞ்சியிருப்பது வீடு திரும்பும் பயணம். மான்களின் மூளையைச் சிதைத்து மெல்லக் கொல்லும் நாட்பட்ட நலிவு நோய் டெக்சஸில் முதன்முதலாக 2012ஆம் ஆண்டு, மேற்கிலுள்ள ஹுவெக்கோ மலைப்பகுதியின் மியூல் மான்களிடம் கண்டறியப்பட்டது. இந்நோய்க்கு மருந்து இல்லை. நோயைப் பரப்பும் புரதம் மூளையிலும் முதுகுத்தண்டிலும் மிகுதியாக இருப்பதால், பல மாநிலங்கள் முழு மான் உடலையோ தலையையோ வெளியிலிருந்து கொண்டுவரத் தடை விதித்திருக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சி, பதப்படுத்திய தோல், திசு ஒட்டாமல் சுத்தம் செய்த மண்டை ஓட்டுப் பகுதியோடு கூடிய கொம்பு ஆகியவை பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. தம் சொந்த மாநிலத்தின் விதியோடு, வழியில் கடக்கும் மாநிலங்களின் விதியையும் புறப்படுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். நோய் உள்ள பகுதியில் வீழ்த்திய மானைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை இறைச்சியை உண்ணாமல் வைத்திருக்குமாறு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. மானை வீழ்த்தாத ஒருவரிடம் இறைச்சியைக் கொடுத்தனுப்பினால், வேட்டைக்காரரின் பெயர், உரிம எண், மானின் விவரம், நாள், இடம் ஆகியவற்றை எழுதிய கையொப்பமிட்ட சீட்டு ஒன்றும் அதனோடு செல்ல வேண்டும். உரிமமோ சம்மதமோ இல்லாமல் கொன்ற மானை மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டு சென்றால் லேசி சட்டத்தின்கீழ் அது நடுவண் வழக்காக மாறும். வேட்டைக் குற்றங்கள் குறித்து மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்டுள்ள உடன்படிக்கையால், டெக்சஸில் பறிக்கப்பட்ட வேட்டை உரிமையைச் சொந்த மாநிலமும் பறிக்கலாம்.